கண்காணியும் காமிராவும்

திருமூலர் இறைவனுக்கு வைத்திருக்கும் பெயர்களில் 'கண்காணி' என்பதும் ஒன்று. கண்காணி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கள்ளத்தனம் செய்கிறவர்களைப் பற்றித் திருமந்திரத்தில் ஒரு பாட்டு இருக்கிறது. சைவர்கள் அதில் எதைப் பார்ப்பார்களோ, கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் பார்த்தது ஒன்று உண்டு. கள்ளத்தை விட்டவர்கள் எப்படி விட்டார்கள் என்று சொல்லும்போது, கண்காணி அவர்களைப் பார்த்துவிட்டான் என்று திருமூலர் சொல்லவில்லை. அவர்கள் கண்காணியைப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்கிறார். பார்க்கப்படுகிறவனுக்குப் பார்க்கிறவன் தெரிகிறான். அந்தப் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறியது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போனவனுக்குக் கண்காணி என்று பெயர். பெரிய கண்காணி ஒருவன். அவனுக்குக் கீழே சில்லறைக் கண்காணிகள். துரைமார்கள் வேறு சொல் தேடாமல் இதையே எடுத்துக்கொண்டதால் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை என்று கட்டுமரத்தையும் மிளகுத் தண்ணீரையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம், கண்காணியைச் சொல்லிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது அந்தச் சொல் மூன்றாவது முறையாகப் பிறந்திருக்கிறது. சென்ற மாசி மாதம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். செங்கம் ரோடு நெடுகிலும் டிபன் கடைகள், துணிக்கடைகள், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். பாதிக்கு மேற்பட்ட வாசல்களில் நெற்றிக்கு நேரே ஒரு கறுப்புக் கண். கீழே, 'இந்த இடம் காமிராக் கண்காணிப்பில் உள்ளது' என்று ஒரு பலகை. செய்கிறவன் யார் என்று சொல்லாத வாக்கியம் அது. கதையில் அப்படி ஒரு வாக்கியம் வந்தால் விமரிசகன் சும்மா விடமாட்டான். யார் பார்க்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள், பார்த்ததை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பான். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே கேட்டுப் பார்க்கப்போகிறேன். கடைக்கும் ஆலைக்கும் காவல் வேண்டாம் என்று வாதாட வரவில்லை. திருடன் இருக்கிறவரை காவலும் இருக்கத்தான் வேண்டும்.

முதலில் தோட்டத்துக் கண்காணி. அவன் நல்லவன் அல்ல. ஊரிலே முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டுகிறவன் அவன்தான். தோட்டத்தில் எத்தனை தலை வேலைக்கு இறங்குகிறதோ அதற்குத் தக்கபடி தலைக்காசு வாங்குகிறவனும் அவன்தான். கடன் தீராமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகமுடியாதபடி செய்த 'துண்டு' முறை இலங்கையில் 1921-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆனாலும் இலக்கியத்துக்கு அவன் ஒரு பாத்திரம். அவனுக்கு ஊர் உண்டு, ஜாதி உண்டு, தொழிலாளியின் அத்தைக்குத் தூரத்து உறவாகக்கூட இருப்பான். அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று கொழுந்து பறிக்கிறவளுக்குத் தெரியும். அவனைச் சபிக்கலாம், காலில் விழலாம், ஒரு சேவலைக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதியபோது, தேயிலைத் தோட்டத்தை நேரில் பார்க்காமல் எழுதினார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். மருதியைச் சுற்றி நிற்கிறவர்களில் முகமில்லாதவன் ஒருவனும் இல்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கொடுமைக்கு முகம் இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலிலும் அப்படித்தான். 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் தமிழாக்கிய பிறகு அதைப் பலர் படித்தார்கள். 2013-ல் 'பரதேசி' என்று படமாகவும் வந்தது. அங்கே கண்காணிக்கு மேஸ்திரி என்று பெயர். பெயர் மாறினாலும் ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். நாவலாசிரியனுக்கு அது போதும்.

கண்காணியைக் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கலாம் என்ற யோசனை பெந்தாம் சகோதரர்களுடையது. அது சிறைச்சாலைக்காகப் பிறந்த யோசனை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபூக்கோ 1975-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது. உண்மையில் அது பிறந்தது பட்டறையில். இன்றைய பெலாரஸ் நாட்டில் இருக்கும் க்ரிச்செவ் என்ற ஊரில், பொட்டெம்கின் பிரபுவின் பண்ணையில், தொழிற்கூடங்களை நிர்வகித்துக்கொண்டிருந்தவர் தம்பி சாமுவேல். வேலை தெரியாத ஆட்கள் நிறைய, மேற்பார்க்க ஆட்கள் கொஞ்சம். வட்டமாகக் கட்டிடம், நடுவிலே ஒரு கூடு, கூட்டுக்குள் இருப்பவன் எல்லோரையும் பார்க்கலாம், அவனை ஒருவரும் பார்க்க முடியாது என்று திட்டம் போட்டார். தம்பியைப் பார்க்கப் போன அண்ணன் ஜெரமி, அங்கிருந்தே 1787-ல் அதைக் கடிதங்களாக எழுதி, 1791-ல் அச்சிட்டார். கூட்டுக்குள் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமல் இருப்பதுதான் அதன் சூட்சுமம். ஆள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். திருமூலர் பாட்டைத் தலைகீழாக்கி ஒரு கட்டிடம் கட்டினால் இப்படித்தான் இருக்கும்.

இதைக் கலையாக்கியவர்களில் எனக்கு இரண்டு பேர் போதும். சாப்ளின் 1936-ல் எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் ஒரு தொழிலாளி கழிப்பறைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். சுவர் முழுவதும் முதலாளியின் முகம் தோன்றி, வேலைக்குத் திரும்பிப் போ என்று அதட்டுகிறது. டெலிவிஷன் வீடுகளுக்கு வராத காலத்தில் எடுத்த காட்சி இது. எல்லோரும் இதையே சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதற்கு முந்திய ஒரு சின்ன விஷயத்தை மெச்சுகிறேன். அந்த முதலாளி தன் அறையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதைச் சாப்ளின் நமக்குக் காட்டிவிடுகிறார். துண்டுப் படங்களைச் சேர்த்து விளையாடிக்கொண்டிருக்கிறான். பிறகு பத்திரிகையில் சித்திரக் கதை பார்க்கிறான். தொழிலாளிக்குத் தெரியாத கண்காணியைச் சபையில் இருக்கும் நாம் பார்த்துவிடுகிறோம். ஹாஸ்யம் அங்கேதான் பிறக்கிறது. இன்னொன்று: படத்தில் மனிதர் நேரே பேசுவது கேட்பதில்லை, முதலாளியின் குரல் யந்திரத்தின் வழியாகத்தான் வருகிறது.

ஆர்வெல்லின் '1984' வெளிவந்தது 1949-ல். அதைச் சர்க்காரைப் பற்றிய நாவல் என்று படிக்கிறோம். அதைக் காமிரா மாட்டுகிறவனின் கண்ணோடு ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வின்ஸ்டனின் அறையில் திரையை வைக்கவேண்டிய சுவரில் வைக்காமல் வேறு சுவரில் வைத்துவிட்டார்கள். அதனால் பக்கவாட்டில், புத்தக அலமாரிக்கென்று விட்ட ஒரு மாடத்தில் உட்கார்ந்தால் திரைக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்துதான் அவன் டைரி எழுத ஆரம்பிக்கிறான். மாட்டியவன் கோணத்தில் செய்த பிசகினால் ஒரு நாவல் தொடங்குகிறது! பின்னால் அவன் பத்திரமென்று நம்பிய அறையில் சுவர்ப் படத்துக்குப் பின்னே திரை இருந்தது தெரியவரும்போது கதை முடிந்துபோகிறது. காமிரா எட்டாத மூலை இருக்கிறவரைதான் மனிதனுக்குக் கதை உண்டு என்பதை ஆர்வெல் ஒரு தச்சனைப்போல அளந்து வைத்திருக்கிறார். பிரசாரம் அதிகம் என்று இந்த நாவலைத் தள்ளுகிறவர்கள் இந்த அளவு வேலையைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். மூடிய சுற்று டெலிவிஷன் என்ற இந்தச் சாதனம் முதன்முதலில் மனிதனை வேவு பார்க்க வைக்கப்பட்டதல்ல. 1942-ல் ஜெர்மனியில் பேனமுண்டேயில் ராக்கெட் கிளம்புவதைத் தூரத்திலிருந்து பார்க்க வைத்தார்கள். பக்கத்தில் நின்றால் செத்துப்போவான் என்பதற்காக மனிதனுக்குப் பதில் கண்ணாடியை நிறுத்தினார்கள். ராக்கெட்டின் நோக்கம் கொடியது; காமிராவின் நோக்கம் அல்ல. இன்றைக்கும் கொதிகலன், பட்டாசு மருந்து கலக்கும் அறை, ரயில்வே கேட் இவற்றின் எதிரே காமிரா இருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

செங்கம் ரோட்டில் காமிரா மாட்டும் இளைஞர் ஒருவருடன் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். ஏணியின்மேல் அவர், கீழே நான். ஆசிரமத்து மயில் ஒன்று எங்கோ அகவிக்கொண்டிருந்தது. இலக்கிய விமரிசனத்தில் 'நோக்குநிலை' என்று நாங்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோமே, அதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"ரெண்டு புள்ளி எட்டு லென்ஸ் போட்டா ரூம் பூரா வுழும் சார், ஆனா மூஞ்சி கடுகாட்டம் இருக்கும். ஆறு எம்எம் போட்டா மூஞ்சி வுழும், ரூம் வுழாது."

"அப்போ எதைப் போடுவீங்க தம்பி?"

"மொதலாளிக்கு யார் மேல சந்தேகமோ, அதப் பொறுத்துது சார்."

வாசலைப் பார்த்து வைத்தால் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்து, வருகிறவன் முகம் கரிக்கட்டையாகிவிடும். ராத்திரியில் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்காகச் சிலந்தி வரும். மறுநாள் படத்தில் திருடன் இருக்கமாட்டான், வலைதான் இருக்கும். ஹார்டு டிஸ்க் நிரம்பினால் புதியது பழையதன்மேல் ஏறிக்கொள்ளும். பத்து நாளோ முப்பது நாளோ, அது டிஸ்க்கின் அளவையும் படத்தின் தரத்தையும் பொறுத்தது. எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் மறக்கவேண்டும். இதெல்லாம் அவர் சொன்ன விவரங்கள். நாலு காமிரா வாங்குகிற முதலாளி எங்கெங்கே மாட்டச் சொல்கிறார் என்று கேட்டேன். கல்லாவில் இரண்டு, சமையற்கட்டில் ஒன்று, வாசலில் ஒன்று. பின்கட்டில் காஸ் சிலிண்டர் வைக்கும் இடத்துக்கோ, பாத்திரம் கழுவும் பெண் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் சந்துக்கோ இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு அந்த நாலு காமிராக்களும் எழுதிய உரை அது.

சமையற்கட்டுக் காமிராவைப் பற்றி அவர் சொன்ன கதையை விடக்கூடாது. ஒரு மெஸ், பெயர் வேண்டாம். தினமும் மதியத்துக்குமேல் படம் மங்கிப்போகும். முதலாளி வெளியூரில் இருந்துகொண்டு போனில் பார்க்கிறவர். மாஸ்டர் வேண்டுமென்றே கண்ணாடியில் மாவைப் பூசுகிறார், எதையோ வெளியே கடத்துகிறார் என்று முடிவு கட்டி, பத்து வருஷம் வேலை செய்தவரைக் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். புது மாஸ்டர் வந்த பிறகும் மதியத்துக்குமேல் மங்கிற்று. இவரைக் கூப்பிட்டார்கள். ஏணி போட்டுத் துடைத்துப் பார்த்தால் வடை எண்ணெய்ப் புகை படிந்து பிசின்போல் இருந்தது.

"பழைய மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டாங்களா?" என்றேன்.

"எங்க சார்! அவரு போளூர்ல ஒரு ஓட்டல்ல சேந்துட்டாராம். அங்கயும் காமிரா நான்தான் மாட்டுனேன்."

இந்த ஊர்த் தலபுராணமே கண்ணைப் பொத்திய கதைதான். உமை விளையாட்டாக இறைவன் கண்களை மூட, உலகம் இருண்டது. அந்தப் பிழை தீரக் காஞ்சியிலும், பிறகு அண்ணாமலையிலும் தவம் செய்தாள். கடைசியில் இடப்பாகத்தையே பெற்றாள். நிஜமாகவே கண்ணைப் பொத்தியவளுக்குப் பாதி உடம்பு கிடைத்தது. பொத்தாத மாஸ்டருக்கு வேலை போயிற்று. சென்னைப் போலீஸார் சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் காமிராத் திட்டத்துக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கண் திறந்து எரித்தது மன்மதனை, மாஸ்டரை அல்ல.

திருடனைப் பிடிக்கவும் காமிரா உதவுகிறதா என்றால், உதவுகிறது. 2023 பிப்ரவரி 12 அன்று விடியுமுன் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏடிஎம்களை காஸ் வெல்டிங்கால் அறுத்து, 72 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயைக் கொண்டுபோனார்கள். போகும்போது நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். பணம் இருந்த இடத்தின் காமிராக்கள் எரிந்தன. ஹரியானாக் கும்பல் என்று துப்புத் துலங்கியதற்கு வேறு ஊர்களில், வேறு காரியத்துக்காக வைத்த காமிராக்கள் உதவின. காவலுக்கு நின்றவன் ஊமையாகிப் போனான்; வழிப்போக்கன் சாட்சி சொன்னான். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே ஊரில் நடந்த பழைய கொள்ளை ஒன்று அச்சில் இருக்கிறது. 1924 ஜூன் 26 இரவு, அப்போது கூரைக் கொட்டகையாக இருந்த ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். பி.வி. நரசிம்ம சுவாமி 1931-ல் ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது வருகிறது. அவர் வக்கீலாக இருந்தவர். அந்தப் பகுதியில் பக்தியைவிட வக்கீல் மூளை அதிகம் வேலை செய்திருக்கிறது. அதனாலேயே அது நல்ல உரைநடை. எத்தனை மணி, எந்த ஜன்னல், எது முதலில் உடைந்தது, எது எவ்வளவு பெறும் என்று எல்லாம் இருக்கிறது. திருடர்கள் விளக்குக் கேட்க, விளக்குக் கொடுக்கச் சொல்கிறார் ரமணர். அவருடைய தொடையில் அடி விழுகிறது. திருப்பி அடிக்கக் கிளம்பியவரைத் தடுத்துவிடுகிறார். எடுத்துப்போனது எல்லாம் சேர்ந்து பத்து ரூபாய் பெறும். அந்தக் கொட்டகையில் ஒரு காமிரா இருந்து, நமக்கு அந்தப் பதிவு கிடைத்திருந்தால் என்ன தெரியும்? இருட்டு, கம்பு, ஓடும் கால்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விளக்கு போவது தெரியலாம். கொடுத்ததா பிடுங்கியதா என்பது தெரியாது. அதற்கு மனித சாட்சி வேண்டும்.

மனித சாட்சியைப் பற்றிச் சொல்லும்போது சாத்தான்குளத்தைச் சொல்லாமல் இருக்கமுடியாது. போலீஸ் ஸ்டேஷனும் ஒரு வேலைத்தலம்தான். அங்கே சம்பளம் வாங்குகிறவர்களைத்தான் முக்கியமாகக் கண்காணிக்கவேண்டும். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டு, சில நாட்களில் இறந்தார்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன மாஜிஸ்டிரேட் கண்டது இது: காமிரா இருந்தது, ஒரு டெராபைட் இடம் உள்ள ஹார்டு டிஸ்க்கும் இருந்தது, ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்தார்கள். யந்திரம் பழுதில்லை, இடம் போதாமல் இல்லை. யாரோ ஒருவர் ஒரு பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து விரலால் அழுத்தியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் அந்தக் காமிராவின் முழு இலக்கியமும். கண்டதைச் சொல்லியவர் அங்கே வேலை செய்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், நாடு முழுவதும் போலீஸ் ஸ்டேஷன்களில் இரவிலும் பார்க்கக்கூடிய, ஒலியையும் பதியக்கூடிய காமிராக்கள் வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கவேண்டும், முடியாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக்கூடாது என்று உத்தரவிட்டது. எத்தனை நாள் நினைவில் வைப்பது என்பதைத்தான் நீதிமன்றமும் முக்கியமாகக் கருதியிருக்கிறது பாருங்கள்.

கடையிலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் ஏழாவது பிரிவோ, வேலை சம்பந்தமான காரியத்துக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும், தொழிலாளியின் சம்மதம் கேட்கவேண்டியதில்லை என்கிறது. நஷ்டம் என்ற சொல் அங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருள்படுகிறது. மாஸ்டரின் பத்து வருஷம் எந்தப் பிரிவில் வரும் என்று சட்டம் படித்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். சிரித்தார்.

தமிழில் இதைப் பற்றி இன்னும் நாவல் வரவில்லை என்பது என் குறை. விஞ்ஞானக் கதைகளில் வரும் காமிராக்கள் பெரும்பாலும் சர்வாதிகாரியின் காமிராக்கள். ஆர்வெல்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவை. செங்கம் ரோட்டு முதலாளி சர்வாதிகாரி அல்ல. அவரும் சின்ன மனுஷர். கடன் வாங்கிக் கடை வைத்து, ஊரில் இல்லாதபோது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போனைப் பார்க்கிறவர். அவரையும் ஒரு பாத்திரமாக, தோட்டத்துக் கண்காணியைப்போல முகத்தோடு, ஒருவர் எழுதவேண்டும். அந்த மாஸ்டரை எழுதவேண்டும். ஏணிமேல் இருந்தவரையும் எழுதவேண்டும், முக்கியமாக அவரை. பெரிய கட்டிடங்களில் இரவெல்லாம் பதினாறு சதுரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் தலைக்கு மேலே, அவன் தூங்குகிறானா என்று பார்க்க, பதினேழாவது காமிரா ஒன்றை அவர்தான் மாட்டுகிறார்.

2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்டுக்கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் மற்ற கருவிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, உலகத்தின் பெரிய வலைத்தளங்களைச் சில மணி நேரம் முடக்கிற்று. அதைப் படித்திருந்ததால், இங்கே கடைக்காரர்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்கிறார்களா என்று அந்த இளைஞரைக் கேட்டேன். மாற்றினால் அவர்களே மறந்துவிடுகிறார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் செய்கிறார்கள் என்றார். அதனால் எல்லாக் கடைக்கும் அவரே வைத்து, அவரே எழுதிக்கொள்கிறார். சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். நீல மை, கடை கடையாகப் பெயர், எதிரே கடவுச்சொல். பெரும்பாலானவற்றில் அருணாசலம் என்ற பெயரும், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணும் இருந்தன.